அது நான் வாசிச்சதில்லீங்க

ஆல்பம் வந்து சேர்ந்தபோது கவிப்பிரியா கம்பெனி வேனின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலம்பாளையத்தில் ஏறினால் கம்பெனி வாசலில் இறங்குவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவாள். மடியில் கிடந்த போன் அதிர்ந்ததும் கண்ணைத் திறந்தாள். சென்னை ஆபீசிலிருந்து தேஜஸ்ரீ அனுப்பியிருந்தாள்.

‘எல்லாப் பாட்டும் ரெடி. வெள்ளிக்கிழமை ரிலீஸ். தனியா உக்காந்து கேளுங்க. கண்டிப்பா அழுதுருவீங்க.’

தேஜஸ்ரீ கோயமுத்தூர்ப் பெண். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய மியூசிக் கம்பெனியின் சென்னை ஆபீசில் இருந்தாள். பனியன் ஓரம் தைக்கும் மெஷினின் பேரையே வைத்துக்கொண்ட ‘ஓவர்லாக்’ என்ற திருப்பூர்க் குழுவைத் தேடிப் பிடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். குழு என்றால் மூன்றே பேர். கிடார் அடித்துப் பாடுவது சசிகுமார். அவன் அப்பா மகுடேஸ்வரன் சொந்தமாகப் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் நடத்துகிறவர். பேஸ் கிடார் அருள்செல்வன். பனியனில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறையில் வேலை, கவிப்பிரியாவுக்கு அடுத்த தெருக்காரன். டிரம்ஸ் கவிப்பிரியா. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டுபிடிக்கிற செக்கிங் வேலை பார்த்தாள். அருளோடு சர்ச்சுக்கு வேடிக்கை பார்க்கப் போனவள், அங்கே வாசிக்க ஆளில்லாமல் கிடந்த டிரம்ஸ் முன்னால் ஒருநாள் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அவர்கள் வாசித்தது பாப் பங்க். வேகமான டிரம்ஸ், இரைச்சலான கிடார், அதற்கு மேலே யாரும் முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு. வரிகள் எல்லாம் தங்களைப் பற்றித்தான். சம்பளத்தன்றைக்கே சண்டை போட்டுப் பிரியும் காதலர்கள், ஹாஸ்டல் வார்டன், தூங்கி வழியும் வேன். ‘கம்பெனி வேன்’ என்ற பாட்டை மகுடேஸ்வரனின் நூல் குடோனில், மூட்டைகளுக்கு நடுவே வாசித்துப் போனில் பதிவு செய்து போட்டார்கள். கழுத்தில் ஐடி கார்டு தொங்கத் தொங்க ஒரு பெண் டிரம்ஸ் அடிப்பதை ஊரெல்லாம் பார்த்தது. அதைப் பார்த்துத்தான் தேஜஸ்ரீயும் வந்தாள்.

ஆல்பத்துக்கு ‘செகண்ட்ஸ்’ என்று பேர் வைத்தார்கள். கப்பல் ஏறாமல் கழித்துக் கட்டப்பட்டு, ரோட்டோரத்தில் குவித்து விற்கிற பனியனுக்குத் திருப்பூரில் அதுதான் பேர்.

கவிப்பிரியா இயர்போனை மாட்டிக்கொண்டாள். முதல் பாட்டே ‘கம்பெனி வேன்’. கிடார் வந்தது, சசியின் குரல் வந்தது, டிரம்ஸ் இடி மாதிரி உருண்டு இறங்கியது. நன்றாக இருந்தது. ஏதோ உறுத்தவும் செய்தது.

பல்லவிக்குள் நுழையும்போது அவள் எப்போதும் கொஞ்சம் முந்திக்கொள்வாள். சீட்டுப் பிடிக்க வேனுக்குள் பாய்கிற மாதிரி ஒரு அவசரம். சசி எத்தனையோ முறை திட்டியிருக்கிறான். கடைசியில், ‘சரி உடு, அதுதான் அந்தப் பாட்டே’ என்று அவனே சொல்லிவிட்டான். இந்தப் பாட்டில் யாரும் முந்தவில்லை. எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. ஆரம்பத்தில் வந்த அந்த உருட்டலும் அவள் கைக்கு என்றைக்குமே வராதது.

திரும்பப் போட்டுக் கேட்டாள். அப்புறம் அடுத்த பாட்டு. அதற்கடுத்தது. வேன் கம்பெனிக்குள் திரும்பியபோது, கடைசியில் இருந்த இரண்டு பாட்டில் மட்டும் தன்னுடைய கையை அவள் அடையாளம் கண்டிருந்தாள்.

அன்றைக்கு டேபிளில் விரித்த துணியில் என்ன பார்த்தாளோ தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் நின்று அருளைக் கூப்பிட்டாள்.

“அருளு, ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்சது ஆரு?”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் தேய்ந்தது; அருள் பட்டறைக்கு வெளியே வந்துவிட்டான் போல.

“உனக்குத் தெரியுமுன்னு நெனச்சேன் கவி,” என்றான் அருள். “சசி உன்றகிட்டச் சொல்லீட்டேன்னு சொன்னானே.”

“சொல்லல.”

“நீ சென்னையில இருந்து கெளம்பி வந்த பொறகு, புரொடியூசர் ஒருத்தரைக் கூப்பிட்டு வாசிக்க வெச்சாரு. நான் அந்நேரம் அங்க இல்ல. சத்தியமா, உன்றகிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சாங்கன்னு இருந்தேன்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோற்று டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். மூடி வைத்துவிட்டு டேபிளில் தலை சாய்த்தாள்.

ரெக்கார்டிங் நடந்தது, சரக்கு அவசரமாகக் கப்பல் ஏற வேண்டிய ஷிப்மெண்ட் நேரத்தில். லீவு கேட்டதற்கு மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கும் குறைவாகத்தான் கொடுத்தார். அதற்கு முந்தின மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்து, துணியைப் புரட்டிப் புரட்டி வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த புரொடியூசர், ‘சூப்பர்ம்மா, எல்லாம் கெடச்சிருச்சு, ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு’ என்றார். அவளும் நம்பி பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடோனில் சசி அவள் வருவதற்கு முன்பே வந்து ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தான். அருள் அவனிடம் சொல்லியிருப்பான் போல. நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தான்.

“கவி, உன்ற கை அப்ப இருந்த நெலம உனக்கே தெரியும். புரொடியூசர் கேட்டுட்டு, இது தேறாதுன்னுட்டாரு. மறுக்கா வாசிக்க நாளும் இல்ல.”

“என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க சசி.”

“சொன்னா நீ என்ன பண்ணுவ? வேலைய உட்டுப்போட்டு வந்து நிப்ப. உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லோணும். அதுக்குத்தான்.”

அதில் பாதி உண்மை. மீதிப் பாதி எது என்று அவளுக்குத் தெரியவில்லை, தேடிப் பார்க்கவும் தெம்பில்லை. சசியை விட அவள் ஒரு வயதுதான் சின்னவள். அவன் ‘நீ’ என்பான், அவள் ‘நீங்க’ என்பாள். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

“வெளியூர்ல மேடையில வாசிக்கும்போது ஆல்பத்துல இருக்கற மாதிரியேதான் வாசிக்கோணுமாம். ஒரு மாசம் இருக்குது. உன்னால முடியும்,” என்றான் சசி.

அவள் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ வாசித்ததைக் கேட்டுக் கேட்டுப் பழக ஆரம்பித்தாள். அந்த ஆள் கெட்டிக்காரர். எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார். கேட்கக் கேட்க மரியாதைதான் வந்தது. மோசமாக வாசித்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. அன்றைக்கு அவளுக்கு ஓவர்டைம். போஸ்டரில் அவளைத்தான் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் குச்சி, பின்னால் மங்கலாகச் சசியும் அருளும். ‘பகலில் பனியன், மாலையில் பங்க்’ என்று மேலே எழுதியிருந்தது. அவள் அம்மா கருப்பாத்தாள் பக்கத்து யூனிட்டில் தைத்த பனியனுக்கு நூல் பிசிறு வெட்டப் போகிறவள். அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு தையல் லைன் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

“அம்புட்டுப் பேரும் கேக்கறாங்க கண்ணு, இந்தச் சத்தம் பூராம் உன்ற பொண்ணு போடறதான்னு. ஆமான்னேன்.”

கவிப்பிரியா அம்மாவின் போனை வாங்கிச் சார்ஜில் போட்டாள்.

அதற்குப் பிறகு பேட்டிகள். வேலை முடிந்து வந்து குடோனில் உட்கார்ந்து போன் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். முதல் பாட்டின் ஆரம்பத்தில் வருகிற அந்த உருட்டலை எப்படிப் பிடித்தீர்கள்? முதல் சில தடவை சிரித்து மழுப்பினாள், சசி புகுந்து ஏதாவது பேசிச் சமாளித்தான். ஒரு பேட்டிக்கு முன்னால் தேஜஸ்ரீ போனில் சொன்னாள்: “ஓவர்லாக் மெஷின் ஓடற சத்தத்துல இருந்து புடிச்சேன்னு சொல்லுங்களேன் கவி. அழகா இருக்கும்.”

சொன்னாள். அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் அதையே பகிர்ந்தார்கள். அடுத்த பேட்டியில் அதைப் பற்றி இன்னும் விவரமாகக் கேட்டார்கள். எந்த மெஷின், எந்த வருடம், எந்தக் கம்பெனி? அவளும் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொன்னாள். சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் வேனில் தூக்கம் வரவில்லை. முந்தின பேட்டியில் என்ன சொன்னோம் என்று மனசு ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கோயமுத்தூரில் ஒரு எஃப்.எம். ஸ்டேஷனில் மூன்று பேரையும் நேரலைக்குக் கூப்பிட்டார்கள். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கண்ணாடி அறை, குளிர், காதில் பெரிய ஹெட்போன். நிகழ்ச்சி நடத்தியவர் உற்சாகமான மனிதர். அந்த உருட்டலைப் போட்டுக் கேட்க வைத்துவிட்டு, ஸ்கேல் ஒன்றையும் பேனா ஒன்றையும் அவள் கையில் கொடுத்தார்.

“நேயர்களுக்காக, இந்த டேபிள்லயே அத அப்படியே வாசிச்சுக் காட்டுங்க கவிப்பிரியா!”

ஒரு மாதம் பழகியதில் அது அவள் கைக்கு வந்திருந்தது. வாசித்திருக்கலாம். வாசித்த பிறகு அவர் மெஷினைப் பற்றிக் கேட்பார். சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இன்னொரு ஊர், இன்னொரு அறை. நினைத்தபோதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

“அது நான் வாசிச்சதில்லீங்க,” என்றாள்.

“அப்படீன்னா?”

“சென்னையில ஒருத்தர் வாசிச்சாருங்க. பேரு எனக்குத் தெரியாதுங்க. என்ற கை அப்பச் சரியில்ல. கடைசியில வர்ற ரெண்டு பாட்டு மட்டுந்தான் நான். மெஷின் சத்தத்துல புடிச்சேன்னு சொன்னதும் பொய்யிங்க. ஆனா அவரு நல்லா வாசிச்சிருக்காரு.”

அந்த மனிதர் அவசரமாக விளம்பரத்துக்குப் போனார். அருள் தரையைப் பார்த்தான். சசி ஹெட்போனைக் கழற்றி டேபிள் மேல் வைத்தான்.

வெளியே வந்ததும் எதிரில் இருந்த பேக்கரிக்கு மூன்று பேரும் போனார்கள். கவிப்பிரியாவுக்குப் பசி தாங்கவில்லை. முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

“என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு தெரியுதா உனக்கு?” என்றான் சசி. “நாம மூணு பேரும் எத்தன வருசமா ஒழைச்சது? ஒரே நிமிசத்துல ஊத்தி மூடீட்ட. என்றமேல கோவம்னா என்னய அடிச்சிருக்கலாமே!”

“உன்மேல கோவமில்ல,” என்றாள் அவள்.

‘உன்’ என்று சொன்னதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

“எனக்கு முடியல சசி. கம்பெனியில நாள் பூராம் அடுத்தவன் தெச்சதுல குத்தம் கண்டுபுடிக்கறேன். சாயங்காலம் வந்து அடுத்தவன் வாசிச்சத என்ற வாசிப்புங்கறேன். எந்த ஊர்ல என்ன சொன்னேன்னு நெனப்பு வெச்சுக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. அவ்வளவுதான். நீ போய் வேற ஆளு பாத்துக்கறதுன்னாலும் பாத்துக்க.”

சசி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அருள் காசு கொடுத்துவிட்டு அவளுடன் பஸ் ஏறினான். அவிநாசி தாண்டுவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் தேஜஸ்ரீ கூப்பிட்டாள். கத்தவில்லை; கத்தியிருந்தால் தேவலாம். “எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரி ஏதாச்சும் பண்ணியிருக்கலாம் கவி,” என்றாள் களைத்த குரலில். “எனக்கும் மேல ஆளுக இருக்காங்க. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.” போஸ்டர் மாறியது. நடுவில் சசி வந்தான். பல ஊர்களில் வாசிக்கப் போட்ட திட்டம் கோயமுத்தூர், சென்னை என்று சுருங்கியது.

இணையத்தில் சிலர் ஏமாற்றுக்காரி என்றார்கள். நிறையப் பேர் துணிச்சல்காரி என்றார்கள். இரண்டையும் படிக்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. துணிச்சல் என்றால் வேறு ஏதோ. அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து போயிருந்தால் அந்தப் பொய்யையே இன்னொரு முறை சொல்லியிருப்பாள். அது அவளுக்குத் தெரியும்.

அம்மாவிடம் மட்டும் உட்கார வைத்து விளக்கினாள். கருப்பாத்தாள் கேட்டுவிட்டு, “அப்ப லைன்ல இருக்கறவங்ககிட்ட ரெண்டு பாட்டுன்னு மாத்திச் சொல்லிப்போடறேன்,” என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரமே, டீ நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தெக்கத்திப் பேச்சு.

“கவிப்பிரியாவாம்மா? எம்பேரு சோணைமுத்து. ரேடியோவுல ஒருத்தர்னு சொன்னீகள்ல, அந்த ஒருத்தர் நாந்தான்.”

அவள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். “வணக்கமுங்க” என்றாள்.

“கை தேவலையாம்மா? எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்குன்னு சொன்னாக. பாவமேன்னுதான் வந்து வாசிச்சேன். உங்களுக்கே தெரியாதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்.”

“முறியலீங்க. வீக்கந்தானுங்க.”

“அப்படியா!” என்றார். “என்னால உங்களுக்குச் சங்கடம். உங்களால எனக்கும் சின்னச் சங்கடந்தான். நாந்தான் உங்ககிட்டப் போய்ச் சொன்னேன்னு ஸ்டுடியோவுல முறைச்சுக்கிட்டுத் திரியுறாக. போகட்டும், சரியாயிரும். நான் கூப்பிட்டது வேற ஒண்ணுக்கு. நீங்க வாசிச்சு வெச்சிருந்ததக் கேட்டுக்கிட்டேதான் வாசிச்சேன். அந்த மொதப் பாட்டுல பல்லவிக்கு முந்தி ஓடுவீகள்ல?”

“ஆமாங்க.”

“அத நான் அப்படியே வெச்சுத்தாம்மா வாசிச்சேன். முந்தித்தான் ஓடுனேன். அதுதான் அந்தப் பாட்டுக்குச் சரி. அவுகதான் அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டு நேராக்கிப்புட்டாக. அது உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. அதச் சொல்லணும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான். வச்சிரட்டா?”

சூப்பர்வைசர் மணி அடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேபிளுக்குப் போனாள். வெளிச்சத்தில் பிடித்த முதல் பனியன் கலங்கலாகத் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சசி அவள் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருடத்தில் தெருமுனையில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பானே தவிர உள்ளே வந்ததில்லை. கருப்பாத்தாள் பதறிப்போய் பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“நீ ஊருக்குக் கெளம்புன பொறகு, உன்ற கை ஒடைஞ்சிருச்சுன்னு புரொடியூசர்கிட்ட நாந்தான் சொன்னேன்,” என்றான். “ஒடையலீன்னா, உன்னக் காத்திருந்து வாசிக்க வெப்பாங்களோன்னு பயம். தள்ளிப் போட்டா நம்ம குழுவையே ஒட்டுக்கா உட்டுப்போட்டுப் போயிருவாங்களோன்னு. தப்புத்தான் கவி.”

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தேடிப் பார்க்காமல் விட்ட மீதிப் பாதி இதுதான். கோபம் இப்போதாவது வருமா என்று பார்த்தாள். கொஞ்சம் வந்தது. சசியின் கண்ணுக்குக் கீழே கிடந்த கருவளையத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

“வாசிச்சவரு பேரு சோணைமுத்து. ஆல்பத்துல அவரு பேரையும் போடச் சொல்லு. எந்தெந்தப் பாட்டுன்னு.”

“தேஜஸ்ரீகிட்டச் சொல்லி மாத்தியாச்சு. கோயமுத்தூர்ல... வருவியா?”

“வர்றேன். ஆனா என்ற மாதிரிதான் வாசிப்பேன். முந்துனா முந்துனதுதான்.”

கோயமுத்தூரில் அரங்கம் பாதிதான் நிறைந்தது. ஆல்பத்தின் வேகத்துக்குத் தாளம் தட்டும் கருவியை அவள் காதில் மாட்டிவிட வந்தார்கள். வேண்டாம் என்றாள். ‘கம்பெனி வேன்’ பல்லவிக்குள் அவள் முந்திப் பாய்ந்தபோது சசிக்கு வார்த்தை தடுக்கியது. தாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான். முன்வரிசையில் திருப்பூரிலிருந்து டெம்போ பிடித்து வந்திருந்த பெண்கள் மட்டும் வரிக்கு வரி கூடவே கத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் போனைப் பார்த்தபடி நின்றார்கள். சென்னையிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆல்பம் ஓகோ என்று ஓடவுமில்லை, படுத்துவிடவுமில்லை. இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி இப்போதைக்கு யாரும் பேச மாட்டார்கள் என்று தேஜஸ்ரீ நாசூக்காகச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் ஆபீசில் வேறு குழு ஒன்றைக் கொடுத்துவிட்டார்களாம்.

சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில் அருள் மெல்லக் கேட்டான். “அடுத்த ஞாயித்துக்கெழம குடோனுக்கு வரலாமா?”

சசியும் அவள் முகத்தைப் பார்த்தான்.

“நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்றாள் கவிப்பிரியா. “புதுப் பாட்டு எதாச்சும் செய்யுங்க. எனக்குக் கொஞ்ச நாளு ஞாயித்துக்கெழம வேணும். நான் தூங்கோணும்.”

“எத்தன நாளைக்கு?” என்றான் சசி.

“தெரியல. போதும்னு தோணறப்ப வர்றேன். அதுக்குள்ள வேற ஆளு வந்துட்டாலும் பரவால்ல.”

“வேற ஆளு ஆரு வர்றது,” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னான் சசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறி, தெருவில் கறிக்கடைக் கூட்டம் கலைந்த பிறகும் அவள் எழவில்லை. காலேஜ் பத்திரிகைக்கு எழுதுகிறோம் என்று இரண்டு பெண்கள் கேமராவோடு வந்து வாசலில் நின்றார்கள். கருப்பாத்தாள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

“அவ தூங்கறாளுங்க அம்மிணி,” என்றாள் தாழ்ந்த குரலில். “எழுப்ப மாட்டேன். இன்னொரு நாளைக்கு வாங்க.”

உள்ளே மின்விசிறி சுற்றியது. கவிப்பிரியா புரண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.